இருபது வயதுக்குப் பிறகு வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருப்பவர்கள், முதல் வேலைக்குப் போய் மாலையில் என்ன செய்வதென்று தெரியாமல் கடற்கரையைச் சுற்றுகிறவர்கள், கம்பஸ் விடுதியில் இருப்பவர்கள் என்று திருகோணமலையில் இருபதுகளில் உள்ள பலர் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நானும் பாடப்புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொடாமல் வளர்ந்தவன். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசை வேலை. மே முதல் செப்டெம்பர் வரை மூச்சுவிட நேரமிருக்காது. ஒக்டோபரில் மாரி தொடங்கிவிட்டால் ஆள் வராது. அந்த வெறும் மாதங்களில் பிடித்த பழக்கம் இது. ஆகவே இங்கே உள்ளதெல்லாம் பிந்தி வந்த ஒருவன் பிந்தி வருகிறவர்களுக்குச் சொல்வது. பேராசிரியர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள், சொல்லட்டும்.

சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டாமா? இனி வருமா?

சின்ன வயதில் தொடங்கியவர்களுக்கு வேகம் இருக்கும், சொல்வளம் இருக்கும். அது உண்மை. ஆனால் பெரியவர்களுக்காக எழுதப்பட்ட கதைகளில் பாதி கடன், வேலை, கலியாணம், வெளிநாடு போனவர், செத்துப்போனவர் பற்றியவை. பத்து வயதில் அதை வாசிக்கிற பிள்ளைக்குக் கதை மட்டும்தான் தெரியும். சீட்டுக் காசு கட்ட முடியாத மாதம் எப்படியிருக்கும் என்று அறிந்த பிறகு அதே பக்கத்தை வாசித்தால் அது வேறு பக்கம். இருபத்திரண்டு வயதில் வருகிறவர் வெறுங்கையோடு வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கியம் என்றாலே ஓடினேன். எனக்கு எப்படி வாசிப்புப் பிடிக்கும்?

மற்ற எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது இதுதான். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஓ.எல். தமிழ்ப் பேப்பரை நினைத்துப் பாருங்கள். "இக்கூற்று யாரால் யாருக்குக் கூறப்பட்டது?" "சந்தர்ப்பம் கூறி விளக்குக." "பயின்று வரும் அணி யாது?" வகுப்பில் ஒரு சிறுகதையை எடுத்தால் அதைக் கதையாக யார் பார்த்தது? எந்த இடத்தில் கேள்வி வரும் என்றுதான் பார்த்தோம். ரியூசன் சேர் எந்த வரியின் கீழே கோடு போடச் சொன்னாரோ அந்த வரி மட்டும் நின்றது. அந்தக் கதையில் வரும் கிழவிக்குக் கடைசியில் என்ன ஆனது என்று கேட்டால் முழிப்போம். சேர்மாரைக் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், தலைக்கு மேலே பரீட்சை. அவர்களும் என்ன செய்வார்கள்?

இப்படிப் பதினொரு வருடம் பழகிய கண் ஒரு நாவலைக் கையில் எடுத்தாலும் அதே வேலையைத்தான் செய்யும். பாத்திரங்களின் பெயரை மனப்பாடம் பண்ணப் பார்க்கும். தெரியாத சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடும். பத்துப் பக்கம் முடிந்ததும் "இப்ப என்ன வாசிச்சன்?" என்று தன்னையே சோதிக்கும். யாருக்குத்தான் அலுப்பு வராது? உங்களுக்குப் பிடிக்காமல் போனது பரீட்சை. வாசிப்பை நீங்கள் இன்னும் சந்திக்கவே இல்லை.

ஏ.எல். முடிந்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது என்பதில் ஆச்சரியமில்லை. பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, பல்கலைக்கழகம் தொடங்கும் வரை மாதக்கணக்கில், சில வேளை ஒரு வருடத்துக்கும் மேல், எவரும் எதையும் கேட்காத காலம் ஒன்று நம் நாட்டில் எல்லோருக்கும் கிடைக்கிறது. பெற்றோருக்கு அது வீணான காலம். கையில் அகப்பட்ட ஒரு புத்தகத்தை, கேள்வி வராது என்ற நிம்மதியோடு முதல் தடவை திறப்பது அப்போதுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. முதல் இரண்டு மூன்று புத்தகங்களுக்குப் பேனையும் கொப்பியும் பக்கத்தில் வேண்டாம். தெரியாத சொல்லைத் தாண்டிப் போங்கள். அது முக்கியமான சொல் என்றால் திரும்பவும் வரும். வர்ணனை நீண்டால் கண்ணை ஓட்டிவிட்டுப் போங்கள். யாரும் புள்ளி குறைக்கப் போவதில்லை. (இதையும் கேள்வி பதிலாகத்தானே எழுதுகிறாய் என்று கேட்டால், பகிடிதான், ஒத்துக்கொள்கிறேன்.)

சரி, எதிலிருந்து தொடங்குவது?

சிறுகதையிலிருந்து. எட்டுப் பத்துப் பக்கம், ஒரே இருப்பில் முடியும். முடித்த சந்தோசம் அடுத்த கதைக்குக் கொண்டுபோகும். காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. ஞாயிறு வீரகேசரியிலும் தினகரனிலும் சிறுகதை வரும். எல்லாம் நன்றாக இருக்காது. எது நன்றாக இல்லை என்று உங்களுக்கே தோன்றத் தொடங்குவதும் நல்லதுதான்.

மாமா ஒருவர் ஐந்து பாக வரலாற்று நாவலைப் பரிசாகத் தந்து "இதை வாசி" என்று சொல்லியிருப்பார். அதில் விழுந்து ஒரே மூச்சில் நீந்திக் கரையேறியவர்களும் இருக்கிறார்கள். முதல் பாகத்தின் ஐம்பதாம் பக்கத்தில் நின்றுபோய், வாசிப்பே நமக்குச் சரிவராது என்று முடிவுகட்டியவர்கள் அதைவிட அதிகம். மாமாவிடம் நன்றி சொல்லிவிட்டு அலுமாரியில் வையுங்கள். பிறகு எடுக்கலாம்.

நீங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிற விசயமும் நல்ல வாசல்தான். கிரிக்கெட் பைத்தியம் என்றால் ஒரு வீரரின் தன்வரலாறு. துப்பறியும் படங்கள் பிடிக்குமென்றால் துப்பறியும் நாவல். "அதெல்லாம் இலக்கியமா?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மினக்கெட வேண்டாம்.

எல்லோரும் கொண்டாடுகிற புத்தகம் எனக்கு அறுவையாக இருக்கிறது. என்னில் பிழையா?

இல்லை. மூடி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒருதடவை திறந்து பாருங்கள். அப்போதும் அறுவை என்றால் அறுவைதான்.

திருகோணமலையில் புத்தகம் எங்கே கிடைக்கும்?

முதலில் நூலகம். நகரத்துப் பொது நூலகத்தைப் பேப்பர் பார்க்கவும் பாஸ் பேப்பர் போட்டோக்கொப்பி எடுக்கவும் மட்டும் பாவித்தவர்கள்தான் நம்மில் அதிகம். இரவல் வழங்கும் பகுதிக்குள் ஒருநாள் போய் நில்லுங்கள். கிண்ணியா, மூதூர் பக்கம் உள்ளவர்களுக்கு அங்கேயே நூலகங்கள் உண்டு. அங்கத்துவத்துக்கு முகவரியை உறுதிப்படுத்தும் ஆவணமோ பிணையாளரோ கேட்பார்கள். விதி நூலகத்துக்கு நூலகம் மாறும் என்பதால் அடையாள அட்டையோடு நேரே போய்க் கேட்பது நல்லது. கட்டணம் ஒரு பிளேன்ரி வடைக் கணக்கை அதிகம் தாண்டாது.

உள்ளே போனால் எங்கே தேடுவது என்று தெரியாமல் திரும்பி வருகிறவர்கள் பலர். ஒரே ஒரு இலக்கத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்: 894.811. நம் நூலகங்கள் பாவிக்கும் டூயி தசாம்சப் பகுப்பில் தமிழ் இலக்கியத்தின் இலக்கம் அது. புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் துண்டில் இருக்கும். அதற்கும் மேலே நுணுக்கமாகப் பிரித்திருந்தால் 894.8111 கவிதை, 894.8112 நாடகம், 894.8113 புனைகதை. ஆங்கில நாவல்கள் 823. இந்த இலக்கங்கள் தெரிந்தால் நூலகரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவரும் சமாளிக்கலாம். ஆனால் கேட்பதே மேல். "இவர் எழுதினது போல வேற என்ன இருக்கு?" என்று கேட்டால் முகம் மலராத நூலகரை நான் இன்னும் பார்க்கவில்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்று சொல்கின்றன. நூலகருக்கு நீங்கள் தொல்லை இல்லை. அவருடைய வேலையே நீங்கள்தான்.

இரண்டாவது, வேறு ஊர்க்காரர்களுக்கு எளிதில் வாய்க்காத ஒன்று. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வெள்ளைக்காரர் வாசித்துவிட்டு விட்டுப்போகும் புத்தகங்கள். ஆங்கிலம், ஜேர்மன், பிரெஞ்சு என்று கலந்துகட்டி ஒரு தட்டில் கிடக்கும், சில கடல்மணலோடு. தெரிந்தவர் யாராவது அங்கே வேலை செய்தால் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடு" என்பதுதான் ஒழுங்கு. வைப்பதற்கு ஒன்றுமில்லாத ஆரம்பத்தில் சும்மாவும் தருவார்கள்.

மூன்றாவது கொழும்பும் யாழ்ப்பாணமும். யாராவது போகும்போது சொல்லிவிட்டால் வாங்கிவருவார்கள். செப்டெம்பரில் கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடக்கும். இரவு ரயிலில் போய் விடியக் கோட்டையில் இறங்கி, பகல் முழுக்கச் சுற்றிவிட்டு அடுத்த இரவு ரயிலில் திரும்பலாம். சிங்களப் புத்தகங்களின் கடலில் தமிழ்க் கடைகள் சில தீவுகளாகத்தான் இருக்கும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம்; அப்போது நூலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஏதாவது நடக்கும். பேச்சுகள் நீளமாக இருக்கும். பின்வரிசையில் இருந்தால் கையில் உள்ளதை வாசிக்கலாம்.

விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. என்ன செய்வது?

2022க்குப் பிறகு எல்லோருக்கும் சுற்றுகிறது. ரூபா விழுந்ததும் கடதாசித் தட்டுப்பாடும் சேர்ந்து புத்தகத்தைத் தூக்கிவிட்டன; அந்த மார்ச்சில் கடதாசி இல்லாமல் பத்திரிகைகளே அச்சை நிறுத்தின, பள்ளிப் பரீட்சை தள்ளிப்போனது. இந்தியாவில் 200 ரூபா போட்ட புத்தகம் நாணய மாற்றிலேயே நம் காசில் 700ஐத் தொட்டுவிடும். அதன்மேல் கப்பல் கூலி, கடைக்காரர் பங்கு. இங்கே அச்சாகும் புத்தகங்கள் ஓரளவு மலிவு, ஆனால் சில நூறு பிரதிகள்தான் அடிப்பார்கள். முடிந்தால் திரும்பக் கிடைக்காது. ஆகவே என்னுடைய கணக்கு: இந்தியப் புத்தகம் நூலகத்தில், இலங்கைப் புத்தகம் காசு கொடுத்து. நாலு பேர் சேர்ந்து ஆளுக்கொன்று வாங்கி மாற்றிக்கொள்வதும் நடக்கிற காரியம். சண்டை வராத நாலு பேராக இருக்க வேண்டும்.

போனில் வாசிப்பதும் வாசிப்பா?

ஏன் இல்லை? 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் பழைய பத்திரிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. 1966 முதல் டொமினிக் ஜீவா நடத்திய மல்லிகை இதழ்களை அங்கே புரட்டினால் ஒரு மாலை போவதே தெரியாது. சங்க இலக்கியம் முதல் பழைய நூல்கள் வேண்டுமென்றால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத்தளம்.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நூலகம் தளத்தில் உள்ளவை பெரும்பாலும் பக்கங்களை அப்படியே படம்பிடித்த பிடிஎஃப் கோப்புகள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போகும். இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். போனைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த எழுத்தாகவே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, வாசிக்கும்போது டேட்டாவை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் பக்கத்தில் ஒரு மெசேஜ், நாலாம் பக்கத்தில் ஒரு வீடியோ, பிறகு எங்கே நாவல்?

வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற புதுப் புத்தகப் பிடிஎஃப்கள் வேறு விசயம். அவை திருட்டு. உயிரோடு இருக்கிற எழுத்தாளர் சில நூறு பிரதி அடித்து, அதை விற்று அச்சகக் கடனைக் கட்டுகிற நாடு இது.

எங்கள் ஊரைப் பற்றி, எங்கள் ஊர்க்காரர் எழுதியது ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் பெருமைப்படுகிற அளவுக்கு. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் மோகனாங்கியை 1895இல் எழுதியவர் திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை. கதை நடப்பது நாயக்கர் காலத் தமிழ்நாட்டில், மொழி பழையது. முதல் புத்தகமாக எடுக்க வேண்டாம். தெரிந்து வைத்திருங்கள், அவ்வளவுதான்.

முதலில் எடுக்க வேண்டியது மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் சிறுகதைகள். தோணி என்ற அவருடைய தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. தலைப்புக் கதை, தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்று ஆசைப்படும் மீனவக் குடும்பத்துப் பையனைப் பற்றியது. கொட்டியாரக் குடாவைத் தினமும் பார்க்கிறவருக்கு அதில் வரும் காற்றையும் தண்ணீரையும் விளக்க வேண்டியதில்லை. நாம் பார்த்த இடம் அச்சில் வரும்போது உண்டாகும் சிலிர்ப்பு பிந்தி வாசிக்க வருகிறவரைப் பிடித்து இழுக்க நல்ல கயிறு. பாலங்கள் வருவதற்கு முன் மூதூருக்கு லோஞ்சில் போன காலத்தை அப்பாவிடம் கேட்டுக்கொண்டே வாசிக்கலாம்.

ந. பாலேஸ்வரியும் நம் ஊர்க்காரர்தான். அவருடைய பூஜைக்கு வந்த மலர் 1970களில் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. அம்மம்மாவிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு வாசகி இருந்தது அப்போது தெரியவரலாம்.

தமிழ்நாட்டு நாவல்களில் பேச்சு வழக்கு புரியவில்லையே?

நாஞ்சில் நாட்டுப் பேச்சும் கரிசல்காட்டுப் பேச்சும் சென்னைக்காரருக்கே முதலில் புரியாது. முப்பது பக்கம் பொறுங்கள், காது பழகும். வாய்விட்டு வாசித்தால் இன்னும் கெதியாகப் பழகும், ஏனென்றால் அது பேச்சாக எழுதப்பட்டது. நம்முடைய 'கதிரை'யும் 'வாங்கு'ம் 'விசர்'உம் அவர்களுக்குப் புரியாமல் நம் புத்தகங்களின் பின்னால் சொல்விளக்கம் போட வேண்டியிருக்கிறது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் வாசித்தால் இங்கிலீசும் முன்னேறுமே?

முன்னேறும். ஆனால் அதற்காகவே வாசித்தால் அது திரும்பவும் ரியூசன் ஆகிவிடும். ஆங்கிலத்தில் பிடித்த கதை ஒன்று அகப்பட்டால் வாசியுங்கள்.

வேலை முடிந்து வந்து புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்தில் நித்திரை வருகிறது.

நித்திரை வந்தால் படுங்கள், உடம்பு கேட்கிறது. வாசிப்பை நாளின் கடைசி மிச்சத்தில் வைத்தால் மிச்சம்தான் கிடைக்கும். காலையில் தேத்தண்ணியோடு இருபது நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் என்று எங்காவது நுழைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்றால் இருநூறு பக்க நாவல் மூன்று கிழமைக்குள் முடிந்துவிடும். சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு அது நல்ல வேகம். 2022 பவர்கட் காலத்தில் மெழுகுதிரியில் வாசித்துப் பழகியவர்களையும் தெரியும். போன் சார்ஜ் இல்லாததுதான் காரணம் என்று அவர்களே சொல்வார்கள்.

கொழும்பு பஸ்ஸில் ஏழு மணித்தியாலம் சும்மா போகிறது. வாசித்தால் வாந்தி வருகிறது.

கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, உள்காது பஸ்ஸின் ஆட்டத்தை உணர்கிறது. இரண்டும் முரண்படுவதால் வரும் குமட்டல். பஸ்ஸில் யன்னலால் வெளியே பாருங்கள். ரயிலில் ஆட்டம் வேறு மாதிரி என்பதால் பலருக்கு வாசிக்க முடிகிறது. லைற்றுக்கு அருகில் இருக்கை பிடியுங்கள்.

"இந்தக் கதைப் புத்தகம் வாசிச்சு என்ன வேலை கிடைக்கப்போகுது?" என்று அம்மா கேட்கிறார். என்ன சொல்வது?

மொழி வளரும், அறிவு வளரும், நேர்முகத் தேர்வில் நன்றாகப் பேசலாம் என்றெல்லாம் சொல்லித் தப்பலாம். பாதி உண்மையும் கூட. ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த கிழமையே "எவ்வளவு வளர்ந்தது?" என்று கேள்வி வரும்.

அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து கட்டியெழுப்பிய தலைமுறைக்குச் சான்றிதழ் மட்டும்தான் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய சொத்து. 'படி' என்று அவர்கள் சொல்வது பயத்திலிருந்து வருகிறது. அதோடு வாதாடி வெல்ல முடியாது, வெல்லவும் தேவையில்லை. வீட்டு வேலையில் உங்கள் பங்கைச் செய்துவிட்டு வாசியுங்கள். மகள்மாருக்கு இந்தப் 'பங்கு' மகன்மாரைவிட இரண்டு மடங்கு என்பதும் தெரியும். அங்கே சண்டை போட வேண்டியது புத்தகத்துக்காக அல்ல, தம்பியும் ஒரு கோப்பையைக் கழுவ வேண்டும் என்பதற்காக.

பிறகு ஒருநாள் அம்மா சமைக்கும்போது ஒரு நல்ல கதையை, நீளமில்லாததாக, வாசித்துக் காட்டுங்கள். முடிவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு எழும்பிப் போங்கள். மிச்சத்தை அவரே கேட்பார்.

வாசித்ததெல்லாம் மறந்துபோகிறது.

போகட்டும். பேப்பர் திருத்துகிறவர் யாரும் இல்லை.

புத்தகத்தை இரவல் கொடுக்கலாமா?

சொந்தப் புத்தகமென்றால் கொடுங்கள், திரும்பி வராது என்று நினைத்துக்கொண்டு. முதல் பக்கத்தில் பெயர் எழுதினாலும் வராது. நூலகப் புத்தகத்தை மட்டும் எவ்வளவு நெருங்கிய சிநேகிதருக்கும் கைமாற்ற வேண்டாம். அவர் கடற்கரையில் மறந்துவிட்டு வந்தாலும் தண்டப்பணம் உங்கள் அட்டையில்தான் விழும்.